கற்பைக் காத்த துப்பாக்கிகள்

இத்தாலியின் தென்கோடியில் சிசிலித் தீவையும் கலாப்ரியாவையும் பிரிப்பது மெசினா நீரிணை. மிகக் குறுகலான இடத்தில் அகலம் 3 கிலோமீட்டர் சொச்சம். ஹோமர் காலத்தில் இதன் ஒரு கரையில் ஸில்லா, மறுகரையில் காரிப்டிஸ் என்று இரண்டு அரக்கிகள் குடியிருந்தார்கள். ஒடிஸியஸ் கப்பலில் போனபோது ஸில்லா அவனுடைய ஆட்களில் ஆறு பேரைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டாள். ஆறே பேர்! இருபதாம் நூற்றாண்டில் அதே வழியாகப் போன பருந்துகளைக் கேட்டிருந்தால், அந்த அம்மாள் எவ்வளவோ தேவலை என்றிருக்கும்.

அரக்கிகள் காலி செய்த இடத்தில் குடிவந்தவர்கள் கல்யாணமான ஆண்கள்.

ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த தேன் பருந்துகள், ஏப்ரல், மே மாதங்களில் முட்டையிட ஐரோப்பாவுக்குத் திரும்பும். அகலச் சிறகுக்காரர்கள். சிறகடித்துப் பறப்பதென்றால் சோம்பல். வெயிலில் சூடான தரையிலிருந்து எழும்பும் காற்றில் ஏறிக்கொண்டு, வட்டமடித்து உயரே போய், அங்கிருந்து சறுக்கியே அடுத்த ஊர் சேர்ந்துவிடுவார்கள். டீசல் செலவு கிடையாது. கடல் மேல் அந்தக் காற்று எழும்பாது என்பதால், எங்கே கடல் குறுகலோ அங்கே கூட்டம் கூடும். துனிசியாவின் போன் முனையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் கடலை எப்படியோ தாண்டி சிசிலிக்கு வந்து, மெசினாவுக்குப் பின்னாலிருக்கும் பெலோரித்தானி மலைகளை எட்டும்போது எதிர்காற்று வேறு அடித்தால், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல் தாழ்ந்துதான் பறக்க முடியும்.

அந்த மலைகளிலும் எதிர்க்கரைக் கலாப்ரியாக் குன்றுகளிலும் ஆண்கள் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். சுட்டதைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் உண்டு. ஆனால் வயிறு இரண்டாம்பட்சம், மானம்தான் முதல். வசந்தத்தில் ஒரு தேன் பருந்தையாவது சுட்டு வீழ்த்தாத கணவனுக்கு அவன் மனைவி துரோகம் செய்துவிடுவாள் என்பது ஐதீகம். அந்த ஊர் வழக்கில் சொன்னால், அவன் தலையில் கொம்பு முளைத்துவிடும். நம்மூர் ஜோசியர் காக்கைக்கு எள்ளுசாதம் வைக்கச் சொல்லித் தட்சிணையோடு விட்டுவிடுகிறார். அங்கே பரிகாரத்துக்குத் தோட்டா வாங்கவேண்டியிருந்தது.

இந்தப் பரிகாரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. மனைவி மேல் நம்பிக்கையில்லாத ஆண்கள் அத்தனை பேரும் விடிகாலையில் எழுந்து, அந்த மனைவியை வீட்டில் தனியே விட்டுவிட்டு, மலையுச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். புருஷன் இன்னும் மலையில்தான் இருக்கிறான் என்பதை வெடிச்சத்தம் ஊருக்கே அறிவித்துக்கொண்டிருக்கும். துப்பாக்கி இல்லாத இளவட்டங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட சீசனாக இருந்திருக்கும் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் எழுதிவைக்காதது பெருங்குறை.

பறவைக்குப் பின்னால் போய் வீட்டைக் கோட்டைவிடுவதில் அவர்களுக்கு ராஜ முன்னுதாரணம் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிசிலியின் மன்னராகவும் புனித ரோமப் பேரரசராகவும் இருந்த இரண்டாம் ஃபிரெடரிக், வல்லூறு வைத்து வேட்டையாடுவதைப் பற்றி லத்தீனில் தடிமனாக ஒரு நூல் எழுதியவர். பறவை விஷயத்தில் அரிஸ்டாட்டிலுக்கே தவறு சுட்டிக்காட்டியவர். பிணந்தின்னிக் கழுகு இரையைக் கண்ணால் கண்டுபிடிக்கிறதா, மூக்கால் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க அதன் கண்ணைத் தைத்துவிட்டுச் சோதித்தவர். (கழுகின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.) 1248 பிப்ரவரியில் பார்மா நகரை முற்றுகையிட்டிருந்தார். முற்றுகை என்றால் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்ற சம்பிரதாயத்தை மறந்து ஒருநாள் வேட்டைக்குக் கிளம்பிப் போய்விட்டார். பார்மாக்காரர்கள் வெளியே பாய்ந்து வந்து முகாமைக் கொளுத்தி, கஜானாவையும் கிரீடத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பேரரசருக்கே இந்தக் கதி என்றால் கலாப்ரியாக் கணவர்களை என்ன சொல்வது?

அவர்கள் சளைக்கவில்லை. சிலர் குன்றின் மேல் கான்கிரீட்டில் பதுங்குகுழியே கட்டிக்கொண்டார்கள். இத்தனை ராணுவ ஏற்பாட்டுக்கு எதிரில் நின்ற பறவையின் முக்கிய ஆகாரம் குளவிப் புழு. தரையைக் கிளறிக் கூட்டைத் தோண்டித் தின்னும். கொட்டு தாங்க முகத்தில் செதில் மாதிரி இறகு. எந்தக் குடும்பத்தின் உள்விவகாரத்திலும் அது தலையிட்டதாகத் தகவல் இல்லை. நம் காடுகளில் தேனடை தேடி அலைகிற தேன் பருந்து இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான். நல்லவேளை, நம்மூர் ஆண்களுக்கு இந்த யோசனை தோன்றவில்லை.

1977-ல் இத்தாலிய அரசு, பருந்து வகைகளைச் சுடக்கூடாது என்று சட்டம் போட்டது. ரோமிலிருந்து அந்தச் சட்டம் மெசினாவுக்கு வந்துசேர, பருந்து ஆப்பிரிக்காவிலிருந்து வருவதைவிட அதிகக் காலம் பிடித்தது. சட்டத்தை மீறினால் அபராதம், மீறாவிட்டால் கொம்பு. எது பெரிது என்று எந்த மானஸ்தனும் யோசிக்கவே இல்லை.

1981-ல் இதையெல்லாம் நேரில் பார்த்தாள் மெசினாவைச் சேர்ந்த அன்னா ஜோர்டானோ. பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. கல்யாணம் ஆகாததால் கொம்புக் கவலை இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பருந்துகளைக் கண்காணிக்க மலையில் வசந்த முகாம் தொடங்கியது. வெளிநாடுகளிலிருந்தும் தொண்டர்கள் வந்தார்கள். கையில் தொலைநோக்கி, ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை பறவை, என்ன இனம், எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று எழுதினார்கள். கூடவே, எத்தனை வெடிச்சத்தம் என்றும் எழுதினார்கள். துப்பாக்கிக்காரனுக்கு வயிற்றைக் கலக்கியது அந்தக் கடைசிக் கணக்குதான். அதுவரை அவன் சுட்டது காற்றோடு போயிற்று. இப்போது தேதி போட்டு ஒருத்தி குறித்துக்கொண்டிருக்கிறாள்.

எண்ணுவது சுலபம் என்று நினைக்கக் கூடாது. ஐம்பது பருந்து ஒரே சுழற்காற்றில் ராட்டினம் சுற்றும்போது எண்ணினால், ஒரே ஆளை நாலு தடவை எண்ணுவோம். அவை உச்சிக்குப் போய் வரிசையாகச் சறுக்கிக் கிளம்புகிற வரை பொறுத்திருந்து எண்ணவேண்டும். தேன் பருந்தில் வெள்ளையும் உண்டு, மண் நிறமும் உண்டு, ஏறக்குறையக் கறுப்பும் உண்டு. ஆகவே ஒருவர் தேன் பருந்து என்பார், இன்னொருவர் சத்தியமாக வேறு இனம் என்பார், தீர்ப்பு வருவதற்குள் அது கலாப்ரியாவில் இருக்கும். நடுவில் பூனைப்பருந்து, கள்ளப்பருந்து, செங்கால் நாரை. கழுத்து பிடித்துக்கொள்ளும், மூக்குத் தோல் உரியும், கீழே புதரில் ஒருவன் துப்பாக்கியோடு முறைத்துக்கொண்டிருப்பான். இதற்குச் சம்பளம் கிடையாது. சொந்தக் காசில் வேறு வந்திருப்பார்கள்.

நோட்டுப் புத்தகத்துக்கு வேட்டைக்காரர்கள் எழுதிய பதிலுரை 1986-ல் வந்தது. அன்னாவின் காரைக் கொளுத்தினார்கள். மிரட்டலோடு செத்த வல்லூறு ஒன்றையும் அனுப்பினார்கள். பூர்விகக் குணம் என்னவோ, பார்மாவில் வாங்கியதை யாரிடமாவது திருப்பிக் கொடுத்தாகவேண்டும் போலிருக்கிறது. அந்தப் பெண் அடுத்த வசந்தத்திலும் மலையேறினார். 1998-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு அவரைத் தேடி வந்தது.

காலப்போக்கில் வெடிச்சத்தப் பத்தி மெலிந்தது, பறவைப் பத்தி பருத்தது. ஒரே வசந்தத்தில் 20,000 தேன் பருந்துகளுக்கு மேல் எண்ணிய ஆண்டும் வந்தது. கலாப்ரியாப் பக்கம் வனக் காவல்துறை வசந்தந்தோறும் சோதனைக்குக் கிளம்ப ஆரம்பித்தது. தேன் பருந்துக்கு அந்த ஊரில் வழங்கும் பெயரான அடோர்னோவையே அந்த நடவடிக்கைக்கும் சூட்டினார்கள். பருந்துக்காகக் கட்டிய பதுங்குகுழிகளில் போலீசுக்காகவும் பதுங்க வேண்டியதாயிற்று.

ஐதீகக்காரர்கள் சொன்னது உண்மையானால், இத்தனை ஆயிரம் பருந்துகள் உயிரோடு தப்பிப் போனதற்கு மெசினாவில் ஒரு கொம்புக் காடே முளைத்திருக்கவேண்டும். தொண்டர்களின் நோட்டில் அதற்கு மட்டும் ஒரு பத்தி போடாமல் விட்டுவிட்டார்கள்.