மயிலாடிக்கு வந்த புறா

எங்கள் நாஞ்சில்நாட்டில் ஒருத்தனை 'எம்டன்' என்றால், அவனுக்குக் கடன் கொடுக்கிறவன் யோசித்துக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. குண்டு போட்டது சில நிமிஷம்; பேச்சு நூறு வருஷம் தாண்டியும் ஓடுகிறது. வெள்ளைக்காரனையே வெருட்டிய வெள்ளைக்காரன் என்பதில் நம்மாட்களுக்கு உள்ளூர ஒரு குஷி.

அந்த முதல் உலக யுத்தத்தில் லண்டன்வாசிகள் ஜெர்மன்காரனின் ரொட்டிக்கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அரண்மனையில் இருந்தவரின் வம்சமே ஜெர்மன்தான் என்பது கொஞ்சம் இடித்தது. 1714-இல் தோதான புராட்டஸ்டன்ட் வாரிசு உள்ளூரில் அகப்படாமல் ஹனோவரிலிருந்து ஒரு ஜார்ஜைக் கூட்டிவந்தார்கள். அவருக்கு இங்கிலீஷ் தகராறு. விக்டோரியா மகாராணி கட்டிக்கொண்டதும் ஜெர்மன் மாப்பிள்ளையை. 1917-இல் லண்டன் மேல் குண்டு போட்ட விமானத்தின் பெயர் 'கோத்தா'. ராஜாவின் குடும்பப் பெயரோ சாக்ஸ்-கோபர்க்-கோத்தா! ஜூலை மாதம் ஐந்தாம் ஜார்ஜ் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 'வின்ட்சர்' ஆனார். கெசட்டில் பெயர் மாற்றுவது நம்மூர்ச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் அந்த வெறுப்பு நல்லபிள்ளையாகத் தூங்கப் போய்விடும். அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தி, இந்தியாவுக்குக் கப்பலேறி வந்து வெயிலில் வதங்க இங்கிலாந்துப் பாதிரிகளுக்கு அவ்வளவு ஆசையில்லை. பணம் லண்டனில் பிரித்தார்கள், ஆளை ஜெர்மனியில் பிடித்தார்கள். பாளையங்கோட்டையில் ரேனியஸ், எங்களுக்கு ரிங்கல்தௌபே.

வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே 1770-இல் பிரஷ்யாவில் பிறந்தவர். அந்தப் பெயருக்கு, கழுத்தில் வளையமுள்ள காட்டுப்புறா என்று பொருள். 1797-இல் ஒரு லண்டன் சங்கம் அவரைக் கல்கத்தாவுக்கு அனுப்ப, இரண்டே வருஷத்தில் ஊர் திரும்பிவிட்டார். அப்படியும் இன்னொரு லண்டன் சங்கம், லண்டன் மிஷன், அவரையே பிடித்து 1804-இல் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. அந்தப் பக்கம் ஆள்தட்டுப்பாடு எப்படி இருந்திருக்கும், பாருங்கள்.

இதற்கிடையில் எங்கள் நாஞ்சில்நாட்டு மயிலாடிக்காரர் மகாராசன், சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போன மனுஷன், தஞ்சாவூர் வழியாகக் கிறிஸ்தவராகி, வேதமாணிக்கம் என்ற பெயரோடு திரும்பியிருந்தார். எங்கள் ஊருக்கும் ஒரு பாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்து சேர்ந்தார்.

இங்கேதான் விசேஷம். ஹனோவர் யாருக்கு என்ற சண்டையில் இங்கிலாந்து பிரஷ்யாமேல் யுத்தம் அறிவித்ததும் அதே 1806-இல்தான். ஆக, எதிரி நாட்டுப் பிரஜை ஒருவர் லண்டன் சம்பளத்தில், இங்கிலீஷ் ரெசிடென்ட் கர்னல் மெக்காலேயின் சிபாரிசில், திருவிதாங்கூரில் கோயில் கட்ட அனுமதி கேட்டு நடையாய் நடந்துகொண்டிருக்கிறார். அந்த ஹனோவரின் சொந்தக்காரரோ இங்கிலாந்து ராஜாவேதான். அக்டோபரில் நெப்போலியன் வந்து பிரஷ்யாவை அடித்துத் துவைத்ததும் இங்கிலாந்துக்குப் பழைய பாசம் திரும்பிவிட்டது. மயிலாடிக் கல்தச்சர் ஒருவர், "பாதிரியாரே, நீரு எந்தக் கட்சிவே?" என்று கேட்டிருந்தால் மனுஷன் திணறியிருப்பார். யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு எல்லாரும் ஒரே வெள்ளைக்காரன்தான்.

திருவிதாங்கூர் திவானாக இருந்த தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய்க்கு அந்தக் குழப்பம் இல்லை. மெக்காலேயோடு அவருக்கு வெட்டுப்பழி மூண்டு, கலகம் வெடித்து, தளவாயும் போய்ச் சேர்ந்த 1809-இல்தான் மயிலாடியில் ஆலயம் எழும்பியது.

ரிங்கல்தௌபே பூசி மெழுகத் தெரியாதவர். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களில் பலர் ஊழியத்திலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க வருகிறார்கள் என்று அவரே எழுதிவைத்தார். பின்னே? கூலியில்லாமல் சுமை தூக்குகிறவன் மோட்சத்தைப் பற்றிச் சாவகாசமாக யோசிப்பானா? சம்பளம் வந்ததும் கையில் நிற்காது, ஏழைகளுக்குப் போய்விடும். ஒரு சின்ன வீட்டில், கோட்டு இல்லாமல், உள்ளூர்த் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு கிடந்தார். இங்கிலீஷ்காரன் பார்த்தால் முகம் சுளிப்பான். நாடு பிரஷ்யா என்பதைவிடக் கோட்டு இல்லை என்பது அவர்களுக்குப் பெரிய குற்றம்.

1816-இல் உடம்புக்கு முடியாமல் எல்லாவற்றையும் வேதமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சென்னையில் அந்தத் தொப்பியோடு போய் நின்றார். பிறகு கொழும்பு, மலாக்கா. அப்புறம் கப்பலில் செத்தாரா, காட்டில் செத்தாரா, ஒரு துப்பும் இல்லை. மயிலாடியில் பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர்தான்; பிள்ளைகள் அதை நாக்குச் சுளுக்காமல் சொல்கிறார்கள். புறா எந்த மரத்தில் போய் அடைந்ததோ.