சூராட் எங்கே?

லூமுட் துறையில் பங்கோர் பெரிக்குக் காத்திருக்கிறவர்களைக் கேட்டால் நெத்திலிக் கருவாட்டைச் சொல்வார்கள், மாசி மகத்தைச் சொல்வார்கள். இந்த நாட்டின் சுதந்திரக் குழப்பம் இந்தத் துண்டுக் கடலில்தான் ஆரம்பித்தது என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்.

1874 ஜனவரி 20. பங்கோர் பக்கம் நங்கூரமிட்ட 'புளூட்டோ' கப்பலில் கவர்னர் ஆண்ட்ரூ கிளார்க் உட்கார்ந்திருக்கிறார். ராஜா அப்துல்லாவுக்குப் பேராக் அரியணை வேண்டும். ஏற்கனவே சுல்தான் பட்டத்தோடு இருந்த இஸ்மாயில் வரவில்லை. வராதவருக்கு எந்தப் பந்தியில் இலை போடுவார்கள்? அப்துல்லா கையெழுத்துப் போட்டார், சுல்தானாகிவிட்டார். கூடவே சீதனமாக ஒரு வெள்ளைக்கார ரெசிடென்ட். சமயம், வழக்கம் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரிடம் யோசனை கேட்க வேண்டும், அவர் சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

வந்தவர் பர்ச். வந்த வேகத்தில் இரண்டு காரியம் செய்தார். பிரபுக்கள் வீட்டிலிருந்து தப்பி ஓடிவந்த கடன் அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். பிரபுக்கள் வசூலித்த வரியைப் பிடுங்கினார். முதலாவது மனித விடுதலை என்றார். பிரபுக்களோ, ஆளும் போச்சு, வரியும் போச்சு, இது எவனுடைய விடுதலை என்று கேட்டார்கள். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பாசிர் சாலாக் ஆற்றுக் குளியலறையில் பர்ச்சை ஈட்டியால் குத்தி விவாதத்தை முடித்தார்கள். அந்தப் பிரபுக்களில் ஒருவரான மகாராஜா லேலாவுக்குத் தூக்கு. அப்துல்லாவுக்கு சீஷெல்ஸ் தீவு. இன்றைக்கு ஈப்போவில் பர்ச் நினைவாகக் கட்டிய மணிக்கூண்டு இருக்கிறதே, அது நிற்கிற சாலைக்கு அவரைக் கொன்ற கூட்டத்தில் ஒருவரான டத்தோ சாகோரின் பெயர். மனிதர் செத்தும் நிம்மதியாக மணி பார்க்க முடியவில்லை.

கடன் அடிமைகளுக்காக அவ்வளவு உருகிய அதே பிரிட்டிஷ் ஆட்சிதான், கிரியான் கரும்புத் தோட்டங்களுக்கு நம்மாட்களைக் கப்பல் கடனில் கட்டி இறக்கியது. ஒப்பந்தக் கூலி முறைக்கு 1910 வரை ஆயுசு. அதற்குப் பிறகும் கங்காணி இருந்தார். கடன் எப்போதும் போல இருந்தது.

லூமுட் கதை தனிக் கூத்து. 1874 ஒப்பந்தத்தோடு, லூமுட் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதியை வெள்ளைக்காரன் வாங்கிக்கொண்டு, பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்த்தான். பெரிய துறைமுகம் எல்லாம் வரவில்லை. 1935-இல் பேராக்குக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். பிறகு ஜப்பான்காரன், மலாயன் யூனியன், கூட்டரசு மலாயா, 1957-இல் சுதந்திர மலாயா, 1963-இல் மலேசியா. லூமுட்டில் பிறந்த ஒரு கிழவி அடுப்படியை விட்டு நகராமலே இத்தனை ஆட்சியையும் பார்த்திருக்கலாம். எந்த ஆட்சியில் விறகு விலை குறைந்தது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

1943-இல் கதைக்குச் சரக்கு குவிந்தது. ஜப்பான்காரனை எதிர்க்க, நீர்மூழ்கிக் கப்பலில் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டேவிஸ் பேராக் கரையில் ரகசியமாக இறங்கினார். காட்டிலிருந்து வந்து அவரைக் கூட்டிப் போனவர் லூமுட்டுக்குப் பக்கத்துச் சித்தியவானில் சைக்கிள் கடைக்காரர் மகன், இருபது வயதுகூட நிரம்பாத கம்யூனிஸ்ட் சின் பெங். ஒருவர் சாம்ராஜ்யத்தைக் காப்பாற்ற வந்தவர், மற்றவர் அதைத் தொலைக்க வந்தவர். ஆனாலும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் லாய் டெக்கோ பிரிட்டிஷாருக்கும் ஜப்பானியருக்கும் மாறி மாறி உளவு சொல்லி, 1947-இல் கட்சிப் பணத்தோடு கம்பி நீட்டிய மகான். விடுதலையை இத்தனை கோணத்தில் பார்த்தவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை.

அதே 1943-இல் நேதாஜி வந்தார். தோட்டத்துப் பெண்கள் தாலிக்கொடி வரை கழற்றிக் கொடுத்தார்கள். பால் வெட்டின கை துப்பாக்கி பிடித்தது. அவர்கள் கேட்ட விடுதலை கடலுக்கு அப்பால் இருந்த இந்தியாவுக்கு. அந்த விடுதலைக்குத் தோள் கொடுத்த ஜப்பான்காரன்தான் அடுத்த லயத்து ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனான். இதில் சிரிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

சண்டை முடிந்ததும் ஆளுக்கொரு விடுதலை. 1945-இல் ஈப்போவில் பிறந்த மலாய் தேசியக் கட்சி இந்தோனேசியாவோடு சேர்ந்த பெரிய வீடு கேட்டது. அம்னோ 1951 வரை 'மெர்டேக்கா' என்றே முழங்கவில்லை, மலாய்க்காரர் வாழ்க என்றது. சாங்கி சிறையைப் பார்த்து வந்த ஜான் திவி 1946-இல் ம.இ.கா.வைத் தொடங்கினார். தொழிற்சங்கத்து கணபதி, கூலி உயராத சுதந்திரம் யாருக்கு என்று கேட்டவர். துப்பாக்கி வைத்திருந்ததாக 1949-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

1955 டிசம்பரில் பாலிங் சமாதானப் பேச்சு. பிரிட்டிஷாரை எதிர்த்துக் காட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த சின் பெங் தலைக்கு இரண்டரை லட்சம் வெள்ளி விலை. அவரைக் காட்டிலிருந்து பத்திரமாகக் கூட்டிவந்தது நம் பழைய ஜான் டேவிஸ். உள்நாட்டுப் பாதுகாப்பும் படையும் உங்கள் கைக்கு வந்தால் துப்பாக்கியைக் கீழே போடுகிறோம் என்றார் சின் பெங். முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த மாதமே லண்டனுக்குப் புறப்பட்டார். மெர்டேக்கா வந்தது. சின் பெங் காட்டிலேயே நின்றார்.

நமக்கு வந்தது கலர். நீல ஐ.சி. குடிமகன், சிவப்பு ஐ.சி. நிரந்தரவாசி. மெர்டேக்கா வந்த புதிதில் இங்கே பிறந்த பிள்ளைக்கு நீலம். அதற்கு முன்பே பிறந்து, ரப்பர் நட்ட அப்பனுக்கு மனு, மலாய்ப் பேச்சு, இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தான் என்பதற்குச் சாட்சி. 1969-இல் சிவப்புக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். பல்லாயிரம் பேர் மூட்டை கட்டி, பார்த்தே இராத சொந்த ஊருக்குக் கப்பலேறினார்கள்.

சின் பெங்கும் இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தார், தாமதமாக. தாய்லாந்திலிருந்து ஊர் திரும்ப 2005-இல் வழக்குப் போட்டார். சாம்ராஜ்யத்தையே ஆட்டிய ஆசாமியிடம் நீதிமன்றம் கேட்டது பிறப்புப் பத்திரம். சித்தியவான் பிள்ளையிடம் அந்தச் சூராட் இல்லை, வழக்கு தோற்றது. 2013-இல் பாங்காக்கில் இறந்தார். சாம்பலை யாரோ சத்தமில்லாமல் கொண்டுவந்து லூமுட் கடலிலும் மலைக்காட்டிலும் தூவியது 2019-இல் வெளியே தெரிந்ததும், போலீஸ் விசாரித்தது.

2011-இல் அரசாங்கம் 'மைடாப்தார்' என்று, சூராட் இல்லாத இந்தியர்களை வந்து பதியச் சொன்னது. தோட்டத்து ஜனங்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கவுன்டரில் வாயில் நுழையாத பாரத்தோடு கேட்டது இரண்டே இரண்டு: அம்மா சூராட், அப்பா சூராட்.