ஒதுங்கியல்: ஓர் அறிமுக ஆய்வு

கரை ஒதுங்கும் பொருள்களைப் பற்றித் தமிழில் இதுவரை முறையான ஆய்வு எதுவும் நிகழவில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. தேடிப் பார்த்துச் சொல்வதன்று. அப்படிச் சொல்லித் தொடங்குவதே ஆய்வுலக மரபு. எனவே 'ஒதுங்கியல்' என்னும் புதிய துறை இதனால் நிறுவப்படுகிறது. அத்துறையின் தந்தை யார் என்பதைத் தன்னடக்கம் கருதி இங்கே குறிப்பிடவில்லை (காண்க: இக்கட்டுரையை எழுதியவர் யார்?).

ஆய்வு எல்லை: கடல் தானாகக் கொண்டுவந்து போட்டவை மட்டும். விடியற்காலையில் மனிதர் கரையில் ஒதுங்குவது உள்ளாட்சித் துறையின் பாற்படும்.

முன்னாய்வு: ஒதுங்கியலின் முதல் தரவு தொண்டைமான் இளந்திரையன். பெரும்பாணாற்றுப்படைக்கு நச்சினார்க்கினியர் சொல்லும் கதைப்படி, சோழனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த குழந்தை அவன். அடையாளமாகத் தொண்டைக் கொடியைக் கட்டிக் கடலில் விட, திரை அவனைக் கரை சேர்த்தது. அதாவது, அனுப்புநர் அடையாளம் ஒட்டிச் சரக்கை அனுப்பும் முறையை உலகுக்குத் தந்தவர் தமிழரே என்று நிறுவலாம். நிறுவியாயிற்று (மேலது, முந்தைய வாக்கியம்).

வகைப்பாட்டுக்கு வருவோம். கரை ஒதுங்குவன நான்கு: வந்த ஊர் தெரிந்தன, தெரியாதன, நாறுவன, ஜோடி பிரிந்தன.

வந்த ஊர் தெரிந்தனவற்றில் தலையாயது, 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் கிடந்த பெரிய உருளை. அது நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் உடைந்த பாகம் என்று பிறகு உறுதியாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டக் கரைக்குப் புயல் ஒரு பொன்னிறத் தேரைக் கொண்டுவந்தது. நம் பத்திரிகைகளுக்கு இவையெல்லாம் முதல் நாள் 'மர்மப் பொருள்'. இரண்டாம் நாள் செய்தியே வராது.

தெரியாதனவற்றுள் ஒன்று தெரிந்ததாக மாறிய கதை பிரான்சில் நடந்தது. பிரிட்டனி கரையில் 1980களிலிருந்து, கார்ஃபீல்டு பூனை வடிவில் செய்த ஆரஞ்சு நிறத் தொலைபேசிகள் துண்டுதுண்டாக ஒதுங்கிக்கொண்டே இருந்தன. நீர் வற்றும் நேரத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு கடற்குகையில், அவற்றை ஏற்றிவந்த கன்டெய்னரின் மிச்சம் 2019இல்தான் அகப்பட்டது. கண்டுபிடிக்க வழி காட்டியவர் அந்த ஊர் விவசாயி ஒருவர். அவருக்குப் பழைய புயல் நாளிலிருந்தே விஷயம் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரை யாரும் கேட்கவில்லை. களஆய்வு என்ற சொல்லை எல்லா ஆய்வேட்டிலும் பார்க்கிறோம்.

நாறுவனவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1970 நவம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், கரையில் செத்துக் கிடந்த திமிங்கிலத்தை நெடுஞ்சாலைத் துறையினர் அரை டன் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். துண்டுகள் பறவைக்கு இரையாகிவிடும் என்பது கருதுகோள். வேடிக்கை பார்க்க வந்தவரின் கார் மேல் பெரிய துண்டு ஒன்று விழுந்து கார் நசுங்கியது. திமிங்கிலத்தில் பெரும்பகுதி கிடந்த இடத்திலேயே கிடந்தது. திமிங்கில எச்சமான அம்பரைப் பற்றி மேலும் அறிய விழைவோர் வனத்துறையை அணுகலாம். கையில் வைத்திருந்தால் வனத்துறையே அணுகும்.

1992இல் பசிபிக்கில் விழுந்த 28,800 பொம்மைகளை (வாத்து, ஆமை, தவளை, நீர்நாய் போன்ற பீவர்) இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றுள் வாத்துக்கு மட்டும் புகழ் வந்ததும், தவளைக்கு வராததும் தனி முனைவர் பட்டத்துக்குரியவை.

இனி ஆய்வின் மையப் பொருளான ஜோடி பிரிந்தன.

1990 மே 27 அன்று, கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஹன்சா கேரியர் கப்பல் புயலில் சிக்கி 21 கன்டெய்னர்களை இழந்தது. அவற்றில் ஐந்தில் நைக்கி காலணிகள். ஏறத்தாழ 61,000 காலணிகள் கடலில் மிதந்தன. குளிர்காலம் முதல் அவை வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒதுங்கத் தொடங்கின. கர்டிஸ் எப்ஸ்மெயர் என்னும் கடலியலாளருக்கு இந்தச் செய்தியைச் சொன்னவர் அவருடைய அம்மா. காலணிக்குள் இருந்த எண்ணைக் கொண்டு அது எந்தக் கன்டெய்னரிலிருந்து வந்தது என்பது வரை எப்ஸ்மெயர் கண்டறிந்தார் (ஒப்பிடுக: தொண்டைக் கொடி, மேலது, முன்னாய்வு). ஜேம்ஸ் இங்ராம் என்பவரின் கணினி மாதிரியோடு சேர்த்து நீரோட்டத்தைக் கணக்கிட்டு, 1992இல் இருவரும் கட்டுரை வெளியிட்டார்கள். இது உண்மையான ஆய்வு என்பதால் நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது இது: காலணிகள் ஜோடியாகக் கட்டப்படாமல் போயிருந்தன. இடது கால் ஒரு பக்கம் வளைந்தது, வலது கால் மறுபக்கம். காற்று இரண்டையும் வெவ்வேறு திசையில் தள்ளும். ஆகவே ஒரு கரையில் இடது மிகும், இன்னொன்றில் வலது மிகும். வட கடலிலும் இப்படியே: நெதர்லாந்தின் டெக்சல் தீவில் இடது மிகுதி, ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்தில் வலது மிகுதி.

இடங்கை, வலங்கைப் பிரிவினரைப் பற்றி நம் வரலாற்றாசிரியர்கள் நூற்றாண்டாகச் சண்டையிட்டு வருகிறார்கள். இடங்கால், வலங்கால் பிரிவை ஒருவரும் தொடவில்லை. இக்கட்டுரையாளர் தொடுகிறார் (இக்கட்டுரையாளர், இதே பத்தி, அச்சில்). இடங்காற் கொள்கையினர், காலணி தன் வளைவால் கரை தேடுகிறது என்பர். வலங்காற் கொள்கையினர், காற்றே காரணம், காலணிக்குச் சுயபுத்தி இல்லை என்பர். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பவர் கருத்தரங்குக்கு அழைக்கப்படமாட்டார். குமரிக்கண்டத்தார் இடக்கால் மட்டுமே உடையோர் என்னும் மூன்றாம் கொள்கையும் வர வாய்ப்புண்டு. வந்தால் அதை மறுத்துவிட்டோம் (இக்கட்டுரையாளர், மேலதுக்கும் மேலதில் கூறி, கீழதில் மறுத்து, அதற்கும் கீழதில் 'முன்னரே கூறியவாறு' என்று ஏற்றுக்கொண்டது, திருத்திய பதிப்பு, திருத்தங்கள் நீக்கப்பட்டவை). மேற்கோள் எண்ணிக்கை பதவி உயர்வுக்குக் கணக்கில் சேரும் என்பதால் இவற்றை எண்ணிவைக்கும்படி அலுவலகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையே ஓரிகன் கரை மக்கள் எந்தக் கொள்கையும் பேசாமல் ஒரு காரியம் செய்தார்கள். ஒதுங்கிய காலணிகளைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, ஓரிடத்தில் கூடி, என்னிடம் இடது ஒன்பது இருக்கிறது, உன்னிடம் வலது ஒன்பது உண்டா என்று மாற்றிக்கொண்டார்கள். ஓராண்டு உப்புநீரில் கிடந்த காலணியைப் போட்டு நடந்தார்கள். ஆய்வுலகம் இதைப் 'பாமரர் வழக்கு' என்று ஒரே வரியில் முடிக்கும். நானும் அப்படியே முடிக்கிறேன்.

மேலாய்வுக்காக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரையில் ஒற்றைச் செருப்பைக் கண்டால் இடதா வலதா, எந்த அளவு, வார் அறுந்ததா என்று குறித்து அனுப்புங்கள். அதிகம் எண்ணியவர் பெயர் இணையாசிரியராகக் கடைசியில், சிறிய எழுத்தில் வரும். கோயில் வாசலில் காணாமற்போன செருப்புகள் தரவாக ஏற்கப்படமாட்டா.