ஐரோப்பாவில் கோல் அடிப்பது எப்படி? டெல்டா தம்பிகளுக்கு ஒரு வழிகாட்டி

முதலில் பிறக்கும் ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், தம்பி. திருவையாறு, பாபநாசம், மன்னார்குடி எல்லாம் நெல்லுக்கும் நாகசுரத்துக்கும் உகந்தவை, ஸ்ட்ரைக்கருக்கு ஆகாது. லாகோஸ், டாக்கர், அபிஜான் என்று எதையாவது பிடி. மன்ரோவியா இன்னும் விசேஷம். அங்கே பிறந்த ஜார்ஜ் வியா 1995இல் பாலன் தோர் என்ற கால்பந்து விருதை வாங்கினார், 2018இல் லைபீரியாவுக்கே ஜனாதிபதி ஆனார். அந்த விருதை வாங்கிய ஆப்பிரிக்கர் இன்றுவரை அவர் ஒருவர்தான் என்பதை மட்டும் வீட்டில் சொல்லிவிடாதே.

அடுத்து வறுமை வேண்டும். பேட்டியில் எடுபடுகிற வறுமையாக. நைஜீரியாவின் விக்டர் ஒசிமென் லாகோஸ் போக்குவரத்து நெரிசலில் தண்ணீர் விற்றவர். ஒரே வரியில் புரிந்துவிடும். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதையை நீ ஐரோப்பிய நிருபருக்கு விளக்குவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

வயதில் விளையாடாதே. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள். நம் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லைத் திருப்பி அனுப்புவது மாதிரிதான். என்ன, நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்து மறுபடி கொண்டுபோகலாம். எலும்பை இளசாக்க இதுவரை களம் இல்லை.

இனி ஏஜென்ட். இதில் டெல்டாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வளைகுடா விசா என்று பணத்தை வாங்கிக்கொண்டு போனை அணைத்துவிடும் ஆளை நம் ஊர்கள் நன்றாகவே அறியும். ஆப்பிரிக்காவிலும் அதே ஆள்தான், பேச்சு மட்டும் பிரெஞ்சில். நிலத்தை விற்று, அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுத்தால், பையனைப் பாரிஸில் ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டு, "கிளப்காரர் நாளைக்கு வருவார்" என்பார். அந்த நாளை வராது. இப்படிக் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காகவே கேமரூனின் முன்னாள் ஆட்டக்காரர் ழான் குளோட் எம்வூமின் 2000இல் ‘ஃபுட் சாலிடேர்’ என்ற அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. 18 வயது நிரம்பாதவனை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்கிறது ஃபிஃபாவின் 19ஆம் விதி. சில விலக்குகள் உண்டு. ஏஜென்ட் அவற்றை மட்டும் மனப்பாடமாக ஒப்பிப்பார்.

தப்பித்துக் கிளப்பில் சேர்ந்துவிட்டாயா? பெஞ்சில் உட்காரப் பழகு. ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஒசிமென் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பெல்ஜியத்தில் ஷார்லெருவா, பிரான்சில் லீல் என்று ஏறித்தான் இத்தாலியின் நாப்போலிக்குப் போனார். 2022-23இல் 26 கோல் அடித்து, 33 ஆண்டு கழித்து அந்த அணிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தார். பட்டம் மே மாதம் வந்தது. செப்டம்பரில், அவர் பெனால்டியைத் தவறவிட்டதைக் கேலி செய்து கிளப்பின் டிக்டாக் கணக்கிலேயே வீடியோ வந்தது. நன்றியெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை.

ஆப்பிரிக்கக் கோப்பை பெரும்பாலும் ஜனவரியில், லீக்கின் நடுவே வரும். போனால் கிளப் முறைக்கும், போகாவிட்டால் நாடு முறைக்கும். சமாளி.

கடைசியில் கால் ஓய்ந்த பிறகு எங்கே போவது? இங்கேதான். நைஜீரியாவின் பார்த்தலோமியூ ஒக்பெச்சே பதின்வயதிலேயே பாரிஸின் பி.எஸ்.ஜி. அணியில் ஆடியவர், 17 வயதில் 2002 உலகக் கோப்பைக்குப் போனவர். பிறகு ஸ்பெயின், கிரீஸ், இங்கிலாந்து, நெதர்லாந்து என்று சுற்றி, 2018இல் கவுகாத்திக்கு வந்து சேர்ந்தார். ஐந்து சீசன், நான்கு அணி, இந்தியன் சூப்பர் லீக் எனும் ஐ.எஸ்.எல்.லில் 63 கோல். 2022இல் ஹைதராபாத் அணியோடு கோப்பை. முப்பத்து மூன்று வயதில் வந்து அடித்த கோல்கள் இவை. நம் பையன்களுக்கு அந்த வயதில் ஊரில் பெண் பார்த்து முடித்திருப்பார்கள்.

ஆகவே தம்பி, சாயங்காலம் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்குப் போய் இடது காலாலும் அடிக்கப் பழகு. ட்ரையலுக்கு முன்பணம் கேட்டு எவனாவது வீட்டுக்கு வந்தால், காபி கொடு. பணமும் பாஸ்போர்ட்டும் கொடுக்காதே.