டிடிபி நிலையத்துப் பழங்கணினிக்குப் புது விண்டோஸ் ஏற்றும் காலம்: ஓர் ஆய்வு

பழைய கணினியில் புது ஓஎஸ் ஏற்றலாமா என்னும் வினாவை நம் ஆய்வாளர் எவரும் முறையாகத் தொடாதது வியப்பே. அக்குறை நீக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம், கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி நிலையம்.

இப்பொருளில் மரபுகள் இரண்டு. ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்பது கடைக்காரர் மரபு. ‘ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம் சார்’ என்பது சர்வீஸ் பையன் மரபு. பின்னதற்குக் கூலி உண்டு என்பதை நடுநிலையாளர் மறக்கலாகாது.

முதலில் உடல்தகுதி. 2001இல் வந்த எக்ஸ்பி குறைந்தது 64 எம்பி ராம் கேட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி, அதாவது சரியாக 64 மடங்கு. ஆய கலைகளும் 64 என்பதைத் தற்செயல் என்று தள்ளுவோரோடு எமக்கு உடன்பாடில்லை. ராம் வாங்கிச் செருகலாம். டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியைக் கேட்டால் பழைய மதர்போர்டு எங்கே போகும்?

ஆயினும் முடிச்சு அங்கில்லை, எழுத்துருவில் இருக்கிறது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. கடையோ பேஜ்மேக்கர் மென்பொருளிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலுமே நிற்கிறது. பாமினி இல்லாத கணினியில் பத்திரிகைக் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறும்; தாய்மாமன் பெயர் என்ன ஆகும் என்பதை எழுதக் கை வரவில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்ததும் எக்ஸ்பி வந்த அதே 2001இல்தான். புது விண்டோஸில் அது ஒழுங்காக ஓடும் என்று எந்தப் பையனும் எழுதிக் கொடுப்பதில்லை.

சரி, கடைக்காரர் துணிந்தே விட்டார் என்று கொள்வோம். எப்போது? தையிலிருந்து ஆனி வரையும், ஆவணி, ஐப்பசி, கார்த்திகையிலும் முகூர்த்தம். சிஸ்டத்தைத் தொட விடமாட்டார். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் நோட்டீஸ் உண்டு. போதாக்குறைக்கு, ஆடியில் எவராவது புதிதாக ஒன்றைத் தொடங்குவாரா? மார்கழியில் காலண்டர் வேலை. எஞ்சுவது புரட்டாசி. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திய 2025 அக்டோபர் 14, புரட்டாசியில்தான் விழுந்தது. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள் போலத்தான் இருக்கிறது.

ஆனால் தீபாவளிக்கு அன்று ஆறே நாள். ஜவுளிக்கடைத் தள்ளுபடி நோட்டீஸ் பாதியில் கிடந்தது. ‘அப்புறம் பாத்துக்கலாம்பா’ என்று கடைக்காரர் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.