முதுகில் மூடை, கையில் கணக்கு

ஐரோப்பாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போன பையன் ஒருவனாவது இல்லாத தெரு நாகர்கோவில் பக்கத்தில் இப்போது அபூர்வம். அப்படிப் போனவர்களில் ஒரு ரகம் உண்டு. வீட்டில் வைத்த பெயர் என்னவாக இருந்தாலும் அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் ‘பேக்பேக்கர்’. ஓணத்துக்கு லீவில் வரும்போதும் பெட்டி கிடையாது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் தம்பி முதலில் இறங்குவார். மூடை படிக்கட்டில் சிக்கிக்கொண்டு கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிவிட்டுப் பிறகு இறங்கும்.

“மக்களே, அந்த ஊர்ல பெட்டி விக்க மாட்டானா?” என்பார் அத்தை.

பெட்டி விற்பான். ஆனால் மலிவு விமானங்கள் பெட்டிக்குத் தனிக்காசு கேட்கும், உடம்புக்குக் கேட்காது. இந்த ஓட்டையைத் தம்பி கண்டுபிடித்துவிட்டார். மூன்று சட்டை, இரண்டு பேண்ட், மேலே ஒரு ஜாக்கெட். அதன் ஒரு பையில் சார்ஜர், இன்னொன்றில் சோப்பு டப்பா, உள்பையில் முந்தாநாள் ரொட்டி. சோதனை வாசலில் ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி மாட்டி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்களுக்கு விமானம் போய்விடும்போல இருக்கும்.

இவர் சமீபத்தில் ‘முடித்த’ ஊர் தாலின். எஸ்தோனியாவின் தலைநகரம், பால்டிக் கரையில் இருக்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து கப்பலேறினால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அதன் பழைய நகரத்தை 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமாவுக்கு இதையெல்லாம் கேட்க உண்மையிலேயே ஆசை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“கோட்டை மதில் எப்பிடிடே?”

“மேல ஏறதுக்கு டிக்கெட் மாமா. கீழ நின்னு பாத்தேன்.”

“1422லயே ஒரு மருந்துக்கடை இருந்துதாம், இன்னும் நடக்குன்னு படிச்சேனே?”

“நல்ல கடை. உள்ள போறதுக்குக் காசில்ல. வெளிய பயங்கரக் குளிரு, அங்கதான் அரைமணிக்கூர் நின்னேன்.”

“ராத்திரி?”

தம்பியின் முகம் மலர்ந்தது. ஒரே அறையில் பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில், மேல்தட்டு. கீழ்தட்டைவிட வாடகை குறைவு. ‘இலவச நடை’ என்று ஒருவர் ஊரைச் சுற்றிக்காட்டுவார். கடைசி முக்கில் எல்லாரும் அவருக்கு ஏதாவது கொடுப்பது வழக்கம். நம்மாள் கடைசிக்கு முந்தின முக்கிலேயே காணாமல் போய்விட்டார். மேல்நகரத்தில் கோஹ்துஓட்சா என்றொரு மேடை. அங்கிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் கோபுரங்களும் கடலும் ஒரே பார்வையில் வரும். எவ்வளவு நேரம் நின்றாலும் காசு கிடையாது. தம்பி நின்ற நேரத்தில் கடற்பறவை ஒன்று அவருடைய ரொட்டியைக் கொத்திப் போனதாம். அந்த ஒரு நஷ்டத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுத்தது.

“கணக்கப்பிள்ளை குடும்பம் இல்லியா, ரத்தத்துல உள்ளது” என்றார் மாமா. பாராட்டா, ஏச்சா என்று யாருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் மாமா அவரைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனார். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணிக்கூர்தான். தம்பி அதுவரை பார்த்ததில்லை. அன்று திங்கட்கிழமை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பு, திங்களன்று விடுமுறை. “டிக்கெட் மிச்சம்” என்றார் தம்பி. மாமா விடவில்லை, செவ்வாயன்றும் இழுத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மலையேறும் பூட்சின் கயிறுகளைத் தம்பி அவிழ்த்து முடிப்பதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசையொன்று உள்ளே போய், பார்த்து, வெளியே வந்துவிட்டது. கறுத்துப் பளபளக்கும் தரையில் குனிந்து முகம் பார்த்துத் தலைசீவிக்கொண்டார். ஆனால் ஊட்டுப்புரையில் ஆள் அசையவில்லை. மேலும் கீழுமாக ஏறத்தாழ 2,000 பேர் பந்தியில் உட்காரக்கூடிய கூடம்.

“அத்தன பேருக்கும் ஃப்ரீயா மாமா?”

“ராஜா போட்ட சாப்பாட்டுக்கு பில்லா குடுப்பான்?”

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் இறங்கி உதயகிரிக் கோட்டை. நுழைவுக் கட்டணம் மாமா கொடுத்தார். உள்ளே இடிந்த தேவாலயத்தில் டிலனாயின் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். டச்சுக் கம்பெனிக்காகச் சண்டைக்கு வந்து, 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டவர். பிறகு அதே ராஜாவின் படையைப் பழக்கி, ‘வலிய கப்பித்தான்’ ஆகி, 1777இல் இங்கேயே காலமானார். மாமா உணர்ச்சிவசப்பட்டு விவரித்துக்கொண்டே போனார். தம்பி போனைத் திறந்து ஏதோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

“அப்போ 36 வருஷம்! ரூம் வாடகை மாமா?”

“கோட்டையே அவரு கட்டுப்பாட்டுலதானடே இருந்துது.”

“சம்பளம்?”

“தளபதிக்குச் சம்பளம் இல்லாமலா?”

தம்பி கல்லறையை முதன்முறையாக மரியாதையோடு பார்த்தார்.

“ரிட்டர்ன் டிக்கெட்டும் மிச்சம்” என்றார்.