சோப்பக்கா

வடவள்ளி, கணபதி, சாயிபாபா காலனி என்று கோவையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதோ ஒரு வீட்டு முன்னால் கூரியர் பையன் வண்டியை அணைக்காமலே நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருப்பான். மற்ற வீடுகளுக்குப் பார்சல் கொடுக்க வருகிறவன், இந்த வீட்டுக்கு மட்டும் வாங்க வருகிறான். உள்ளேயிருந்து நைட்டிமேல் துண்டும், மணிக்கட்டில் வளையலோடு வளையலாக மாட்டிய செலோ டேப்பும், வாயில் பேனா மூடியுமாக ஒருவர் வெளிப்படுவார். அவர்தான் சோப்பக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. புழக்கத்தில் இல்லை.

அக்கா அவினாசிலிங்கத்திலோ கிருஷ்ணம்மாளிலோ பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவர். அந்தப் பட்டம் கல்யாணப் பத்திரிகையில் ஒருமுறை அச்சானதோடு பீரோவுக்குள் போய் முகூர்த்தப் புடவைக்கு அடியில் படுத்துவிட்டது. 2020 ஊரடங்கில்தான் அதற்கு விழிப்பு வந்தது. ஊரே டல்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்த நாட்களில் அக்கா காஸ்டிக் சோடா கலக்கினார். குழந்தைக்குத் தோல் வறட்சி என்பது சொல்லப்பட்ட காரணம். வீட்டில் இத்தனை பேரும் இருபத்து நான்கு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்கள் என்பது சொல்லப்படாத காரணம்.

தொழில் தொடங்க வீட்டில் சம்மதம் வாங்க வேண்டுமல்லவா? அதற்கு அக்காவிடம் மூன்று முன்னுதாரணங்கள் உண்டு. முதலாவது மெடிமிக்ஸ். 1969-ல் சென்னையில் ரயில்வே டாக்டர் வி.பி. சித்தன், மனைவியோடு வீட்டிலேயே கையால் சோப்புச் செய்து தொடங்கியது. இரண்டாவது கோபிச்செட்டிபாளையத்து வில்வா. கிருத்திகா குமரன் ஆட்டுப்பாலில் சோப்புச் செய்து 2017-ல் ஆரம்பித்தது. "கோபி நம்மூருங்க மாமா" என்று மாமனாரிடம் இதை அழுத்திச் சொல்வார். மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம்: கோவையில் மேகா, பிரித்தேஷ் ஆஷர் தம்பதி 2014-ல் சமையலறையில் தொடங்கிய ஜூசி கெமிஸ்ட்ரி. அதில் 2021-ல் வெர்லின்வெஸ்ட் என்கிற பெல்ஜியம் கம்பெனி 63 லட்சம் டாலர் முதலீடு செய்தது.

மாமனார் தினத்தந்தியை மடித்து வைத்தார்.

"ரூவாயா அம்மிணி?"

"டாலருங்க மாமா."

"சோப்புக்கா?"

"ஆமாங்."

சமையலறையின் பாதி அன்றைக்கே கைமாறியது.

சோப்புச் செய்முறை எளிது, ஆபத்தானது. காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு கிலோவைச் சோப்பாக்கச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அளவு கூடினால் தோல் எரியும், குறைந்தால் எண்ணெய் பிசுபிசுக்கும். காஸ்டிக்கைத் தண்ணீரில் போடலாம், தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அடுப்பே இல்லாமல் அந்தத் தண்ணீர் தொட முடியாத சூட்டுக்குப் போகும். இதையெல்லாம் படித்துத் தெரிந்திருந்த அக்கா, முதல் நாள் ஒன்றை மட்டும் மறந்தார். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். மாமியார் முப்பது தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசைந்த அலுமினியக் குண்டா, கண்ணெதிரே நுரை தள்ளி, கறுத்து, ஹைட்ரஜனை வெளிவிட்டு உயிரை விட்டது. எவர்சில்வரில் புதுசாக ஒன்று வந்தது என்றாலும் மாமியார் அந்தக் குண்டாவை இன்னும் மன்னிக்கவில்லை. குண்டாவையா, மருமகளையா என்று யாரும் கேட்டதுமில்லை.

எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் சேர்ந்து தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் அச்சில் ஊற்றி, மறுநாள் வெட்டி, நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றாட வைக்க வேண்டும். கோவையில் ஒரு நடுத்தர வீட்டில் ஆறு வாரம் யாரும் தொடாத இடம் எது? ஒறம்பரை வந்தால் படுக்கிற அறை. கட்டில்மேல் நாளிதழ் விரித்து, அதன்மேல் வரிசையாகச் சோப்பு. ஈரோட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்த பெரியப்பா கட்டிலின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து எழுந்து, மண்டபத்தில் லாவெண்டர் மணத்தோடு பந்தியில் உட்கார்ந்த கதை அந்தக் குடும்பத்தில் பிரசித்தம்.

காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுச் சோப்பின் மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும். வெறும் சோடியம் கார்பனேட், துடைத்தால் போய்விடும். "பூசணம் புடிச்சிருக்குது அம்மிணி" என்று மாமியார் ஒரு தட்டுச் சோப்பைக் குப்பையில் போட்ட நாளில் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்ததாகச் சொல்வார்கள். காஸ்டிக் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க நாக்கு நுனியால் சோப்பைத் தொட்டுப் பார்ப்பதும் தொழிலில் ஒரு பழைய வழி. சுரீரென்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். மருமகள் விடியற்காலையில் தனியாக நின்று சோப்பை நக்குவதைக் கண்ட மாமியார், சத்தமில்லாமல் போய் சாமிக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்தார்.

இவ்வளவு ரசாயனத்தைக் கரைத்துக் குடித்தவர் லேபிளில் என்ன அச்சடிக்கிறார் தெரியுமா? "கெமிக்கல் இல்லாதது." ஆறின சோப்பில் காஸ்டிக் மிச்சமிருக்காது, எல்லாம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிடும் என்று கேட்டால் சமன்பாடு எழுதியே காட்டுவார். ஆனால் வாடிக்கையாளருக்குச் சமன்பாடு வேண்டாம், பாட்டி வேண்டும். அதனால் கரித்தூள் சோப்பு முதல் காபி ஸ்கிரப் வரை எல்லாமே "எங்க அமுச்சி சொல்லிக் கொடுத்தது" ஆகிவிடும். காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற அந்த அமுச்சியிடம் யாரோ ரீல்ஸைக் காட்டிவிட்டார்கள். "நானெப்ப சாமி கரியத் தேச்சுக் குளிச்சேன்? பல்லுத்தான் வெளக்குனேன்" என்றார் அமுச்சி. அந்தக் காணொளி வெளியாகவில்லை.

அமுச்சி உண்மையிலேயே சொல்லிக் கொடுத்தது நலங்கு மாவு. பச்சைப்பயறு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ரோஜா மொட்டு, கஸ்தூரி மஞ்சள். இதில் அக்காவை யாராலும் ஏமாற்ற முடியாது. கடைக்காரர் கஸ்தூரி மஞ்சள் என்று நீட்டுவது பல சமயம் பூலாங்கிழங்காக இருக்கும். அக்கா ஒரு துண்டை ஒடித்து, உள் நிறம் பார்த்து, கற்பூர வாசம் முகர்ந்து, "இதை உங்கூட்டுல பூசுவீங்களாங்?" என்று கேட்பார். கடைக்காரர் உள்ளே போய் வேறு டப்பாவோடு வருவார்.

மாவில் ஈரமில்லை, அதனால் கெடாது. இந்த ஞானமும் சும்மா வந்ததல்ல. பிரிசர்வேட்டிவ் போடாத கற்றாழை ஜெல் என்று ஒரு காலத்தில் பெருமையாக விற்றார். தண்ணீர் உள்ள இடத்தில் கிருமி குடியேறும் என்பது கரூர் வெயிலில், வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில், மூடி தானாகக் கழன்றபோது நிரூபணமானது. அதன்பிறகு சோப்பு, பொடி, எண்ணெய், அவ்வளவுதான்.

நுரை வரவில்லை என்பது அடுத்த புகார். அக்கா சோப்பைப் பற்றிப் பேசவே மாட்டார். "உங்களுக்கு என்ன தண்ணிங்க?" என்பார். அவருடைய வாடிக்கையாளர் பட்டியலே தண்ணீர்வாரியாகப் பிரிந்திருக்கிறது: சிறுவாணி, பில்லூர், ஆழியாறு, போர். போர் தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரையைத் தின்றுவிட்டுத் திரிதிரியாக அழுக்கைப்போல் படியும். பல்லடத்துக்காரர் ஒருவர் "காசு வாபஸ் வேணும்" என்றார். "நீங்க காசு கேக்க வேண்டியது உங்க போருக்காரங்ககிட்டங்க" என்று சொன்ன அக்கா, அடுத்த வாரமே அவருக்கு நலங்கு மாவு விற்றார். சிறுவாணிக்காரர்களுக்கு இந்த உரையாடலைக் கேட்பதில் ஒரு தனி ஆனந்தம். தண்ணீரைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருக்கிற ஜனங்கள்.

"கலர் வருமா?" என்று கேட்பவர்கள் தனி ரகம். "வராதுங்க. அழுக்குப் போகும்." இதைச் சொல்வதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும், அக்காவுக்கு அது இருக்கிறது. விற்பனை அதனால் குறைந்ததில்லை. ரீல்ஸில் முகத்துக்கு நேராக ரிங் லைட் வைக்கிறாரே, மிச்சத்தை அது பார்த்துக்கொள்கிறது.

உறவுக்காரர்கள்தான் உண்மையான சோதனை. "நம்ம புள்ளதானே, ரெண்டு சாம்பிள் குடு கண்ணு" என்பவர்கள் எந்த நோம்பிக்கும் தவறுவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனதும் சித்தி ஒருவர், "கவர்மென்டே கொறச்சுப்போட்டுது, நீ கொறைக்க மாட்டியா?" என்று கேட்டார். ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தொடாமல் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கிற அக்கா அந்த வரியை வாங்கியதே இல்லை. விளக்கவும் இல்லை. சோப்புக் கட்டியை வெட்டும்போது இரு நுனியிலும் கோணல்மாணலாக மிஞ்சுவதை அழகாகத் துணியில் கட்டி நீட்டினார். ஒறம்பரைக்கு ஓரம். முழுத்துண்டு எல்லாம் வளைகாப்பு வீடுகளுக்கு: 150 குட்டிச் சோப்பு, மணமணக்கும் பை, பெண்ணின் பெயர் அச்சிட்ட அட்டை, பாதிப் பணம் முன்கூட்டியே.

வெட்டுவதற்கான கட்டரைச் செய்தவர் கணவர். கணபதியில் லேத் பட்டறை வைத்துப் பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் கடைகிறவர். மனைவி கேட்டது கத்தி. அவர் செய்து கொடுத்தது எவர்சில்வர் கம்பி பூட்டிய, திருகாணியால் அகலம் மாற்றக்கூடிய ஒரு மெஷின். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் அரை மில்லிமீட்டர் பிசகினால் அவருக்குத் தூக்கம் வராது, வெர்னியரோடு எழுந்து வருவார். 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை எகிறியபோது அக்கா சோப்பின் விலையைத் தொடவே இல்லை. "ஏனுங்க, கம்பியச் சித்தெ உள்ள தள்ளிக் குடுங்க" என்றார். 100 கிராம் 90 ஆனது. லேபிளில் அதையும் யோக்கியமாக அச்சடித்தார், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

அன்றைக்குத்தான் அவர் மனைவியின் கோடு போட்ட நோட்டைப் புரட்டிப் பார்த்தார். முட்டுவழி இவ்வளவு, கூரியர் இவ்வளவு, அட்டைப்பெட்டி இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பாக்கி என்கிற பத்தி மட்டும் மொட்டையாக இருந்தது.

"பாக்கியே இல்லியா?"

"காசு வந்தாத்தானுங்க பார்சலே போகும்."

அவர் பட்டறையில் சரக்குப் போய் 90 நாள் கழித்துத்தான் செக் வரும். அதுவும் பின்தேதி போட்ட செக். இருபது வருஷமாக அப்படித்தான். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பட்டயக் கணக்காளரான மச்சாண்டார் லைசென்ஸ் பேச்சை எடுத்தார். விற்பதற்காக அழகுப் பொருள் செய்ய 2020-ம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் சிஓஎஸ்-8 என்கிற உரிமம் வாங்க வேண்டும். வேதியியல் தெரிந்த தகுதியான ஆளின் மேற்பார்வை வேண்டும் என்றதும் அக்கா புடவைக்கு அடியிலிருந்து பட்டத்தை எடுத்து வந்துவிட்டார். அடுத்த நிபந்தனையில்தான் வந்தது சிக்கல். தயாரிக்கும் இடம் குடியிருக்கும் வீடாக இருக்கக் கூடாது, வீட்டோடு இணைந்தும் இருக்கக் கூடாது. "வீட்டில் அன்போடு செய்தது" என்று 2,000 லேபிள் அச்சடித்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

உரிமம் உள்ள வேறொரு தொழிற்சாலையில் கடன் உரிமம் எடுத்துச் செய்யலாம் என்றார் மச்சாண்டார். அதாவது சோப்பை இன்னொருத்தர் கிண்ட, அக்கா வேடிக்கை பார்க்க வேண்டும். அது நடக்கிற காரியமா? அக்காவின் பார்வை மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பியது. பட்டறை ஷெட்டில் பின்பாதி ஆர்டர் குறைந்ததிலிருந்து சும்மாதான் கிடக்கிறது. தனி வாசல் உண்டு. சுவரெழுப்பி, டைல்ஸ் ஒட்டி, வலை அடித்து, எக்ஸாஸ்ட் போட்டுவிட்டால் ஆயிற்று.

"இப்பவும் 'வீட்டில் செய்தது'ன்னா போடுவே?" என்றார் கணவர்.

"'அன்போடு செய்தது'ன்னு போட்டாப் போச்சுங்க. முன்னால இருக்கறத வெட்டிரலாம், கட்டர்தான் இருக்குதே."

மாமியார் காபி டம்ளரை வைத்தார். "நானும் வரேன் அம்மிணி. பெட்டிக்கு ரெண்டு ரூவா கூலி. நெலவரம் கேட்டுட்டேன்."

மாமனார் தினத்தந்திக்குப் பின்னாலிருந்து, "அந்த டாலருக்காரன் எப்ப வருவான்?" என்றார்.

கணவர் தொண்டையைச் செருமினார். ஷெட் அவருடையது. இருபது வருஷத் தொழிலில் கற்ற விவேகம் அத்தனையையும் திரட்டி, குரலில் வீட்டுக்காரர் கம்பீரத்தை ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"அதெல்லாஞ் செரி. வாடகை எவ்வளவு குடுப்பே?"

"நீங்க கேக்கறத அப்படியே குடுத்தர்றனுங்க," என்றார் அக்கா. "90 நாள் கிரெடிட்."